ஜிப்சியின் பின் சக்கர வளைவில் துரு: பட்டி போதுமா, வெட்டி வெல்டிங் அடிக்கணுமா?

கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். 90-களின் நடுவில் வாங்கிய மாருதி ஜிப்சி, அவருடைய அப்பா தேயிலைத் தோட்ட வேலைக்கு ஓட்டிய வண்டி. பின் சக்கரத்துக்கு மேலே இருக்கும் வளைவில் இரண்டு பக்கமும் பெயிண்ட் கொப்பளித்திருக்கிறது; இடதுபுறம் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டையே விழுந்துவிட்டது. ஒரு டிங்கர் ஃபைபர் வைத்துப் பட்டி பார்த்தால் போதும் என்கிறார். இன்னொருவர் சைடு பாடி முழுவதையும் மாற்றச் சொல்கிறார். யார் சொல்வது சரி, இதில் எவ்வளவு வேலையை நானே செய்துகொள்ள முடியும் என்பது கேள்வி.

பட்டியா வெல்டிங்கா என்று கேட்டிருந்தாலும், அவருக்குத் தெரியவேண்டியது, பணத்தைப் போட்டுச் சரிசெய்தால் அது எத்தனை மழைக்காலம் தாங்கும் என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் ஐடிஐ-யில் ஷீட் மெட்டல் படித்தவன். படித்து முடித்ததிலிருந்து பாடி வேலைதான் செய்கிறேன். பட்டறைக்கு வருவதில் பெரும்பாதி மலையிலிருந்து இறங்கும் ஜீப்பும் ஜிப்சியும்தான். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். வண்டியை நேரில் பார்க்காததால் உங்கள் வண்டிக்கு இதுதான் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. தீர்ப்புக்கு எப்படி வருவது என்று சொல்ல முடியும்.

முதல் விஷயம்: வெளியே தெரிகிற ஓட்டையை வைத்து இரண்டு டிங்கர்களுமே எதையும் முடிவுசெய்ய முடியாது. சக்கர வளைவில் இருப்பது ஒரு தகடு இல்லை, இரண்டு. வெளியே நாம் பெயிண்ட் அடித்துப் பார்ப்பது சைடு பேனல். உள்ளே டயரைச் சுற்றிக் கவிழ்ந்திருப்பது இன்னொரு தகடு. பின்னால் எதிரெதிராக உட்காரும் சைடு சீட் இருக்கிறதே, அது இதற்கு மேலேதான் உட்கார்ந்திருக்கிறது. இந்த இரண்டும் வளைவின் ஓரத்தில் உள்பக்கமாக மடிந்து, உதட்டோடு உதடு சேர்ந்து, ஸ்பாட் வெல்டிங்கில், அதாவது புள்ளி புள்ளியாக வைத்த வெல்டிங்கில், நிற்கின்றன. ஒவ்வொரு ஸ்பாட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். ஃபேக்டரியில் அடித்த பெயிண்ட் அந்த இடைவெளிக்குள் முழுசாகப் போவதில்லை. தண்ணீர் போகும்.

இதோடு சேறும் சேர்கிறது. சக்கரம் வாரியடிக்கிற சேறு அந்த உதட்டின்மேல் தங்கி, வெயிலில் மேலாகக் காய்ந்து, உள்ளே ஈரமாகவே கிடக்கும். ஈரச் சேறு மூடிய இடத்துக்குக் காற்று குறைவாகவும், பக்கத்து இடத்துக்கு நிறையவும் கிடைக்கும்போது, ஒரே தகட்டில் ஒரு சின்ன பேட்டரி உருவாகிவிடுகிறது. அதில் அரிக்கப்படுவது காற்று குறைந்த பக்கம், அதாவது சேற்றுக்கு அடியில் இருக்கும் பக்கம். துரு என்பது இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் எடுக்கும் பொருள். இடுக்குக்குள் அது பெருக்கப் பெருக்க இரண்டு உதட்டையும் நெம்பிப் பிரிக்கும், ஸ்பாட்டுகள் ஒவ்வொன்றாக விடும், பிரிந்த இடத்தில் இன்னும் தண்ணீர் ஏறும். இப்படிப்பட்ட ஓர் உதட்டை ஸ்க்ரூடிரைவர் வைத்துத் திறந்தால், டீக்கடை பஃப்ஸ் மாதிரி அடுக்கடுக்காகத் துரு உதிரும். இரண்டு தகடுகளுக்கு நடுவே அரை விரல் கனத்துக்குத் துரு மட்டும் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வெளியே பெயிண்ட் கொப்பளிப்பது இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான். அதனால்தான் வெளியே ஒரு ரூபாய்க் காசு அளவு கொப்பளம் என்றால் உள்ளே உள்ளங்கை அளவு போயிருக்கும் என்று பட்டறையில் சொல்வோம். இது அளந்து சொன்ன கணக்கு இல்லை, ஆனால் பிரித்துப் பார்க்கும்போது பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது.

தோட்டத்து வண்டிகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இது வெளியாட்களுக்குத் தோன்றாது. உர மூட்டை ஏற்றியிருப்பார்களே, அதில் பொட்டாஷ் இருந்திருந்தால் உள்ளிருந்தும் அரித்திருக்கும். பொட்டாஷ் என்று நாம் வாங்குவது பொட்டாசியம் குளோரைடு. அதாவது அதுவும் ஓர் உப்புதான். கடற்கரை வண்டிகளைத் தின்கிற அதே குளோரைடு அதிலும் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 85 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். நீலகிரியில் பனிமூட்டம் இறங்கும் நாட்களில் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். மூட்டையிலிருந்து சிந்திய மணிகள் சீட்டுக்கு அடியில், உள்வளைவும் தரையும் சேரும் மூலையில் போய் உட்கார்ந்துவிடும். தரையில் விரித்த மேட்டைத் தூக்கிப் பார்த்தால் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ பொருக்கு தெரியும். இதைத் துடைத்தால் போதாது. தண்ணீர் விட்டு, கரைந்து போகும்வரை இரண்டு மூன்று தடவை கழுவி, நன்றாகக் காயவிட்ட பிறகே வேறு எந்த வேலையையும் தொடவேண்டும். உப்பு தகட்டின் குழிகளில் கிடக்கும்போது அதன்மேல் என்ன பெயிண்ட் அடித்தாலும் அடியில் அரிப்பு தொடரும். இது சந்தேகமே இல்லாத விஷயம்.

சரி, எப்படிச் சோதிப்பது? சைடு சீட், மேட், உள்பக்க அட்டை எல்லாவற்றையும் கழற்றுங்கள். 1993-க்குப் பிறகு வந்த ஜிப்சியில் முன்பின் டிராக்கை, அதாவது இடது வலது சக்கரங்களின் இடைவெளியை, 90 மில்லிமீட்டர் அகலப்படுத்தியதால் வளைவின்மேல் மூடும் ஃபிளேர் பட்டை தூக்கலாக இருக்கும். உங்களுடையது அந்த வகை என்றால் அதையும் கழற்றாமல் பார்த்ததாகக் கணக்கில்லை. அதற்குப் பின்னால்தான் சேறு சேரும், ஸ்க்ரூ ஓட்டைகளிலிருந்துதான் துரு கிளம்பும். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றி, வளைவின் உள்பக்கத்தைப் பிரஷர் வாட்டரில் கழுவிக் காயவிடுங்கள். பிறகு சின்னச் சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று பேசும். அரித்த தகடும் பட்டி வைத்த இடமும் மந்தமாகச் சத்தம் போடும். காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி வெளியே ஓட்டினால் பழைய பட்டி கனமாக இருக்கும் இடத்தில் பிடிப்பு விட்டுவிடும். இவ்வளவு பழைய வண்டியில் ஏற்கெனவே ஒருவர் பட்டி பார்த்திருப்பார் என்று வைத்துக்கொண்டே தேடுங்கள். கடைசியாக ஒரு கூர்மையான ஸ்க்ரூடிரைவரால் உதட்டையும் உள்வளைவையும் அழுத்திக் குத்துங்கள். தயங்கவேண்டாம், குத்தில் ஓட்டை விழுகிற இடம் எப்படியும் வெட்டவேண்டிய இடம்தான்.

குறிப்பாகப் பார்க்கவேண்டியவை உள்வளைவு தரையோடு சேரும் ஓரம், சக்கரத்துக்கு முன்னால் கதவுத் தூணின் அடிப்பகுதி, சக்கரத்துக்குப் பின்னால் சைடு பேனலின் கீழ்மூலை, பிறகு பாடி மவுன்ட். ஜிப்சி, ஏணி மாதிரி இருக்கும் லேடர் சேஸி என்ற அடிச்சட்டத்தின் மேல் தனி பாடி உட்கார்ந்த வண்டி. வளைவு அரித்துப்போனதால் வண்டி இரண்டாக மடிந்துவிடாது. ஆனால் பாடி சேஸியில் உட்காரும் இடமோ, சீட் பெல்ட் போல்ட் பிடித்திருக்கும் தகடோ அரித்திருந்தால் அது அழகு சம்பந்தப்பட்ட வேலை இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது. அந்த இடத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இப்போது அந்த இரண்டு டிங்கர்களுக்கு வருவோம். ஓட்டைமேல் ஃபைபர் ஒட்டிப் பட்டி பார்ப்பது நிற்காது என்று உறுதியாகச் சொல்கிறேன். பாலியெஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும். அதில் கலந்திருக்கும் டால்க் பவுடர்தான் காரணம். முன்பக்கத்தைப் பெயிண்ட் காப்பாற்றும், பின்பக்கம் திறந்தே கிடக்கும். சக்கரம் அடிக்கும் தண்ணீர் பின்பக்கமாக ஏறி, பட்டிக்கும் தகட்டுக்கும் நடுவே போய் உட்காரும். கிளாஸ் ஃபைபர் கலந்த பட்டி இதைவிடத் தாங்கும், ஆனாலும் துரு விளிம்பில் அதற்குப் பிடிமானம் கிடையாது. இரண்டு மழைக்காலத்துக்குள் விளிம்பில் கோடு விட்டு வருவதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பட்டியே கூடாது என்று சொல்லவில்லை. வெல்டிங் முடித்து, எபாக்சி பிரைமர் அடித்து, மேலே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டம் பிடிக்கப் பட்டி வைப்பது முறையான வேலைதான். ஓட்டையை அடைப்பது அதன் வேலை இல்லை, அவ்வளவுதான்.

சைடு முழுவதையும் மாற்றச் சொன்னவரும் பெரும்பாலும் தேவைக்கு மேல் சொல்கிறார். முழுப் பேனலைக் கழற்ற நிறைய ஸ்பாட்டுகளை உடைக்கவேண்டும். கதவு இடைவெளியும் பின்கதவு இடைவெளியும் மாறிப்போகும். அதைத் திரும்பக் கொண்டுவரப் பொறுமையும் கைப்பழக்கமும் வேண்டும். ஃபேக்டரி கோடுகள் நேராக நிற்கிற வண்டியில், அரித்த பகுதியை மட்டும் வெட்டிப் புதுத் தகடு வைப்பதே நல்லது என்பது என் கருத்து. வளைவோடு கீழ்மூலை, கதவுத் தூண் அடி என்று மூன்று இடத்திலும் போயிருந்தால்தான் முழுப் பேனல் பற்றி யோசிக்கலாம்.

தகடு எங்கே கிடைக்கும்? வளைவுப் பகுதி மட்டும் கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளிலோ சென்னை புதுப்பேட்டையிலோ தேடினால், கழித்த ஜிப்சியிலிருந்து வெட்டிக் கொடுப்பார்கள். வாங்கும்போது அதே ஸ்க்ரூடிரைவர் சோதனையை அங்கேயும் செய்யுங்கள். மலை வண்டியிலிருந்தோ கடற்கரை வண்டியிலிருந்தோ வெட்டியது என்றால் நம் துருவைக் கொடுத்துவிட்டு வேறொருவர் துருவை வாங்கி வந்த கதையாகிவிடும். கிடைக்காவிட்டால் சி.ஆர். ஷீட்டில் (துத்தநாகப் பூச்சு இல்லாத சாதாரண எஃகுத் தகடு) செய்துகொள்ளலாம். கனத்தை ஊகிக்காதீர்கள். அரிக்காத ஓரத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு வெர்னியரில் அளந்து, அதற்கு ஈடான கேஜ் வாங்குங்கள். 20 கேஜ் என்றால் சுமார் 0.9 மில்லிமீட்டர், 18 கேஜ் என்றால் 1.2. கனமாகப் போட்டால் உறுதி என்று நினைத்து 18 வாங்குபவர்கள் உண்டு. மெல்லிய பழைய தகட்டோடு கனத்த புதுத் தகட்டைச் சேர்த்தால், கனத்தது உருகுவதற்குள் மெல்லியது ஓட்டையாகிவிடும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் துருப்பிடிக்காதே, அதைப் போடலாமே என்று கேட்பார்கள். வெல்டிங் அடிக்கும் இடத்தில் துத்தநாகம் எரிந்துபோய்விடும், வெல்டும் பொத்தல் பொத்தலாக வரும். அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்து குளிர்காய்ச்சல் வந்ததுபோல் உடம்பு நடுங்கும். அனுபவமுள்ளவர் ஓரத்தைக் கிரைண்ட் செய்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்தலாம். புதிதாகக் கையில் எடுப்பவருக்கு நான் சொல்லமாட்டேன்.

வெட்டும்போது மனதைக் கல்லாக்கிக்கொண்டு, பளபளப்பான முழுக்கனத் தகடு வரும்வரை வெட்டவேண்டும். பழைய பேனலில் நிறைய மிச்சம் வைக்கணும் என்ற ஆசையில் குழி விழுந்த தகட்டை விட்டுவைத்தால், அங்கே வெல்டிங் நிற்காது, ஒவ்வொரு தொடலுக்கும் ஓட்டை பெரிதாகும். முதலில் வெளித்தகட்டை மட்டும் வெட்டித் திறங்கள். உள்தகடு அப்போதுதான் முழுசாகத் தெரியும். வெட்டுவதற்கு முன்னால் ஒரு கனமான அட்டையில் வளைவின் கோட்டை எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும். நல்ல நிலையில் இருக்கும் பக்கத்தில் எடுத்துத் திருப்பிப் போட்டால் இன்னும் நல்லது. இதைச் செய்யாமல் வெட்டியவர்கள் பிறகு கண்ணளவில் வளைவு பிடிப்பார்கள். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் வெவ்வேறு வண்டி மாதிரி இருக்கும். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் திறந்துவிடாதீர்கள். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

இந்த வேலையில் கைத்திறன் அதிகம் கேட்பது உதடு. தட்டையான தகட்டில் நேர்கோட்டில் மடிப்பது யாருக்கும் வரும். வளைந்த கோட்டில் மடித்தால், மடிந்து போகிற ஓரம் நீளவேண்டியிருக்கும். நீட்ட இடமில்லாமல் மடித்தால் கிழியும், அல்லது வளைவே நிமிர்ந்துபோகும். பழைய ஆட்கள் டோலி என்கிற இரும்புக் கட்டையை உள்ளே பிடித்துக்கொண்டு, சுத்தியலால் ஓரத்தை மட்டும் சன்னமாக அடித்து அடித்து நீட்டிக்கொண்டே மடிப்பார்கள். ஒரே அடியில் 90 டிகிரிக்குப் போகாமல், முழு நீளத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டு போவார்கள். அந்தக் கைப்பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு: பேனலை வளைவுக் கோட்டில் வெட்டிக்கொள்ளுங்கள், உதட்டுக்கு ஒரு விரல் அகலப் பட்டையைத் தனியாக வளைத்து ஓரத்தோடு சேர்த்து வெல்டிங் அடித்து, மூலையைக் கிரைண்ட் செய்துவிடுங்கள். வேலை கூடுதல், ஆனால் கோடு கெடாது. அடியில் ரம்பப் பல் மாதிரி வெட்டிவிட்டு ஒவ்வொரு பல்லாக மடிக்கிற குறுக்குவழி வேண்டாம். ஒவ்வொரு வெட்டும் தண்ணீர் தங்கும் இன்னொரு இடுக்கு.

இனி வெல்டிங். ஆர்க் வெல்டிங் இந்தக் கனத்துக்கு ஆகாது, பேச்சே வேண்டாம். சிஓடூ வெல்டிங் என்று நம் பட்டறைகளில் சொல்லும் மிக் மெஷினில் 0.6 அல்லது 0.8 ஒயர் போட்டு, முடிந்தால் ஆர்கான் கலந்த கேஸ் வைத்து அடிப்பது சரியாக வரும். வெளிப் பேனலில் தகட்டின்மேல் தகடு ஏற்றாமல் ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நடுவே தகட்டுக் கனத்துக்கு இடைவெளி விடுங்கள். ஏற்றி வைத்தால் பின்னால் ஓர் இடுக்கு உருவாகி, எதைச் சரிசெய்ய வந்தோமோ அதையே புதிதாகச் செய்துவைத்த மாதிரி ஆகிவிடும். ஒரு புள்ளி இங்கே, அடுத்த புள்ளி ஒரு சாண் தள்ளி, மூன்றாவது அந்தக் கோடியில் என்று தாவித் தாவி வையுங்கள். கையால் தொட்டால் சூடு பொறுக்கிற அளவுக்கு ஆறிய பிறகுதான் பக்கத்துப் புள்ளி. தொடர்ந்து இழுத்தால் பேனல் அலை அடித்துவிடும், அதை மறைக்கப் பட்டி கனக்கும். உதட்டில் மட்டும் இரண்டு தகடும் ஒன்றின்மேல் ஒன்று உட்காரத்தான் வேண்டும். அங்கே ஒரு தகட்டில் 6 முதல் 8 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, பழைய ஸ்பாட் இருந்த அதே இடைவெளியில் ஓட்டையை நிரப்பி வெல்டிங் அடியுங்கள். சேர்க்கும் முன்பே இரண்டு முகத்திலும் சிங்க் பிரைமர் அடித்து, வெல்டிங் விழும் ஓட்டைக்கு நேரே மட்டும் அதைச் சுரண்டிவிடுங்கள். அந்தப் பூச்சு இல்லாமல் உதட்டை மூடினால் பிறகு எந்த வழியாகவும் உள்ளே பெயிண்ட் போகாது.

கேஸ் வெல்டிங்தான் தெரியும் என்று உங்கள் ஊர் டிங்கர் சொன்னால் அவரை ஒதுக்கிவிடாதீர்கள். கேஸில் சூடு அதிகம் பரவும், பேனல் அதிகம் இழுக்கும், அது உண்மை. ஆனால் அந்த வெல்ட் மிருதுவாக இருக்கும், சுத்தியும் டோலியும் வைத்துத் தட்டி மட்டம் எடுக்கலாம். மிக் வெல்ட் கடினமானது, தட்டினால் வெடிக்கலாம், கிரைண்ட் செய்துதான் எடுக்கவேண்டும். கைதேர்ந்தவர் கேஸில் செய்த வேலை, கை பழகாதவர் மிக்கில் செய்த வேலையைவிட எப்போதும் மேல்.

தீயைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. ஜிப்சியின் பெட்ரோல் டேங்க் பின்பக்கம். பக்கத்தில் வெல்டிங் அடிப்பதானால் டேங்கை இறக்கி வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கள். காலி டேங்க் பாதுகாப்பு என்பது தவறான நினைப்பு. ஆவி நிறைந்த காலி டேங்க்தான் வெடிக்கும். பேட்டரி இரண்டு டெர்மினலையும் கழற்றுங்கள். பின்விளக்குக்குப் போகும் ஒயரிங்கை ஒதுக்கிக் கட்டி, ஈரச் சாக்கு போடுங்கள். வேலை முடிந்து அரை மணி நேரமாவது அங்கேயே இருந்து பார்க்கவேண்டும். மேட்டுக்கு அடியில் போன பொறி நிதானமாகத்தான் பிடிக்கும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். கிரைண்ட் செய்யும்போது துணி கட்டுவது போதாது, ஃபில்டர் மாஸ்க் போடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

இனி, எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபடும் விஷயங்கள். துருவை மாற்றும் திரவம் என்று விற்கிறார்களே, அது வேலை செய்யுமா? வேதியியல் உண்மைதான். பாஸ்பாரிக் அமிலம் துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். டானிக் அமிலம் துருவோடு சேர்ந்து கறுப்பாகும். கலம்காரித் துணியில் கடுக்காயும் இரும்புக் கரைசலும் சேர்ந்து கறுப்பு வருவதும் இதே மாற்றம்தான். ஆனால் திரவம் எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அவ்வளவுதான் மாறும். மேலே கறுத்துவிட்டது என்று அடியிலும் மாறிவிட்டதாகச் சொல்ல முடியாது. சுரண்டி, ஒயர் பிரஷ் போட்டு, குழிகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்துக்கு மட்டும் நான் பயன்படுத்துகிறேன். இடுக்குக்குள் ஊற்றிவிட்டு நம்புவதில்லை. சிலர் நம்புகிறார்கள், நின்றிருக்கிறது என்றும் சொல்கிறார்கள். பாஸ்பாரிக் போட்டால் ஒரு விஷயம் மட்டும் உறுதி: அமிலம் மிச்சமில்லாமல் கழுவிக் காயவைக்காவிட்டால் மேலே அடிக்கும் எபாக்சி சரியாகப் பிடிக்காது.

அடிப்பக்கம் தார் மாதிரி அடிக்கும் ரப்பர் கோட்டிங்கும் அப்படித்தான். சுத்தமான தகட்டில், பிரைமருக்கு மேலே அடித்தால் கல்லடியைத் தாங்கும். துருமேல் அடித்தால் வெடிப்பு வழியாகத் தண்ணீர் போய் வெளியே வர வழியில்லாமல் உள்ளே கிடக்கும், நமக்கும் தெரியாது. வேஸ்ட் ஆயில் அடிப்பது லாரிக்காரர்களின் பழக்கம். கொஞ்ச காலம் காக்கும், மறுக்கவில்லை. ஆனால் புஷ் ரப்பரை ஊறவைக்கும், மழையில் ஓடிப்போய் மண்ணில் சேரும், பிறகு எப்போதாவது பெயிண்ட் அடிக்கணும் என்றால் பிடிக்கவே பிடிக்காது. இரண்டு தகடுகளுக்கு நடுவே இருக்கும் கூட்டுக்கு மெழுகு ஸ்ப்ரே நல்லது. காயாமல் பிசுபிசுப்பாகவே இருந்து, கீறினாலும் தானே மூடிக்கொள்ளும். ஆனால் அது வெல்டிங்கும் பெயிண்டும் முடிந்து கடைசியாக. முன்னால் அடித்தால் தீப்பிடிக்கும்.

பெயிண்ட் வேலையைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை, அதற்கு ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். வரிசை மட்டும் மாறக்கூடாது: வெறும் தகட்டில் எபாக்சி பிரைமர், அதன்மேல் தேவையான இடத்தில் மெல்லிய பட்டி, எல்லா இணைப்பிலும் இடுக்கை அடைக்கும் சீம் சீலர், பிறகு பெயிண்ட். அமிலம் கலந்த எட்ச் பிரைமர் அடித்துவிட்டு அதன்மேல் நேராகப் பட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள், அது உரிந்து வரும். உள்வளைவின் டயர் பக்கத்துக்கும் இதே மரியாதை வேண்டும். ஆள் பார்க்காத பக்கம்தான் முதலில் அரிக்கிற பக்கம். ராணுவ வண்டி மாதிரி ஆலிவ் பச்சை அடிக்கலாமா என்று ஜிப்சிக்காரர்கள் அடிக்கடி கேட்பதால் சொல்கிறேன்: மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன்படி அந்த நிறம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும்தான். ஆர்.சி.யில் இருக்கும் நிறத்தையே அடித்துவிட்டால் எஃப்.சி. நேரத்தில் கேள்வி வராது.

எந்த மாதத்தில் செய்வது என்பது உங்கள் ஊருக்கு முக்கியம். ஜூனிலிருந்து டிசம்பர்வரை ஏதாவதொரு பருவமழை இருந்துகொண்டே இருக்கும். கிரைண்ட் செய்த தகடு ஒரே ராத்திரியில் ஆரஞ்சு நிறத்துக்குப் போய்விடும். ஜனவரியில் குளிர். 15 டிகிரிக்குக் கீழே பல எபாக்சிகள் இறுகாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல்வரை சரியான காலம். அல்லது வண்டியைக் கீழே மேட்டுப்பாளையத்துக்கு இறக்கிச் செய்யுங்கள்.

நீங்களே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பிரிப்பது, கழுவுவது, சோதிப்பது, அட்டை எடுப்பது, துருவைச் சுரண்டுவது, பிரைமர், சீம் சீலர், மெழுகு எல்லாம் பொறுமை இருந்தால் வரும். வெல்டிங்கை மட்டும், அதே கனத்தில் கழிவுத் தகடு வாங்கி ஓட்டை விழாமல் சேர்க்க வருகிற வரை பழகாமல், வண்டியில் தொடாதீர்கள். டிங்கரிடம் கொடுப்பதானால் விலை பேசும்போதே ஒன்று சொல்லிவிடுங்கள்: வெல்டிங் முடிந்ததும், பட்டி வைப்பதற்கு முன்னால், நான் வந்து பார்ப்பேன். உள்பக்கத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெல்ட் முழுநீளம் இருக்கிறதா, வெளிச்சம் எங்காவது ஊடுருவுகிறதா என்று தெரிந்துவிடும். நல்ல தொழிலாளி இதைக் கேட்டுக் கோபப்படமாட்டார். தன் வேலையை ஒருவர் பெயிண்டுக்கு முன்னால் பார்க்கிறார் என்பது எங்களுக்குச் சந்தோஷம்தான்.

கேள்வியின் கீழே ஒருவர், லேண்ட் ரோவர் மாதிரி அலுமினியத்தில் வளைவு செய்துவிட்டால் என்ன என்று கேட்டிருந்தார். 1948-இல் வந்த அந்த வண்டிக்கு அலுமினியக் கலவையில் பாடி போட்டது, போருக்குப் பிறகு பிரிட்டனில் எஃகு கட்டுப்பாட்டில் இருந்ததால்தான். அதிலும் அலுமினியம் எஃகைத் தொடும் இடங்களில் ஈரம் பட்டு அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்வது பழைய லேண்ட் ரோவர்காரர்களுக்குத் தெரிந்த தொல்லை. எஃகு ஜிப்சியில் அலுமினியப் பேட்ச்சை ரிவெட் அடித்தால் அந்தத் தொல்லையையும் விலைக்கு வாங்கியதாகும். எஃகுக்கு எஃகே வையுங்கள்.

இடதுபக்க சீட்டை முதலில் கழற்றிப் பாருங்கள். உள்வளைவு தட்டும்போது கணீரென்று இருந்து, ஓட்டை வெளித்தகட்டிலும் உதட்டிலும் மட்டும் என்றால், இது ஒரு நல்ல டிங்கர் பேனலை மாற்றாமலே முடித்துக் கொடுக்கும் வேலை. உள்வளைவும் தரை ஓரமும் சேர்ந்து போயிருந்தால் கழுவிய பிறகு நான்கு படம் எடுத்துப் போடுங்கள்: டயர் பக்கமிருந்து ஒன்று, சீட்டுக்கு அடியில் ஒன்று, கதவுத் தூணின் அடி ஒன்று, பாடி மவுன்ட் ஒன்று. எங்கே வெட்டலாம், எதை முதலில் வைத்துச் சேர்க்கவேண்டும் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.